பத்தாயிரம் வருஷத்துப் பொருத்தம்

வெள்ளத்துரைக்குப் பண்பாடு என்றால் உயிர். கூட்டுறவு வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சங்கரன்கோவிலில் ஒரு பண்பாட்டுப் பேரவையைத் தொடங்கி, தலைவர் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடாததால் தானே தலைவராகவும் ஆகிக்கொண்டவர். ஆடித்தபசுத் திருவிழா நேரத்தில் எந்த மேடையில் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் ஏறிவிடுவார். ஏறினால் லேசில் இறங்க மாட்டார். தமிழன் உலகத்துக்கே நாகரிகம் சொல்லிக்கொடுத்தது, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டது, ஒருத்தரையும் வேற்றாளாகப் பார்க்காதது என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். கீழே உட்கார்ந்திருப்பவர்கள், பிரியாணிக் கடையில் இந்நேரம் தம் உடைத்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் சங்கரேஸ்வரி. புனேயில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்க்கும் நிலேஷ் என்கிற இந்தூர்க்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் போனில் சொன்னபோது, பையன் நல்லவனா, குடிப்பானா, அடிப்பானா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"அவங்க நம்ம ஊர்க் கணக்குல என்ன ஆளுகட்டி?" என்றுதான் கேட்டார்.

சங்கரேஸ்வரி போனைத் துண்டித்துவிட்டாள். அதற்காகக் கேள்வி சாகவில்லை. அடுத்த போனில் வந்தது, தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது இட்லித் தட்டுக்கு முன்னால் வந்தது, அம்மா அன்னக்கிளியின் வாய் வழியாக வந்தது. யாரையும் வேற்றாளாகப் பார்க்காத தமிழன் தன் வீட்டுக்குள் இரண்டு வருஷம் இந்த ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதான்.

நிலேஷ் வீட்டிலும் அதே பாடுதான். அவன் அம்மா சரளாவுக்கு வேறு மாதிரிக் கவலை. "அந்தப் பொண்ணு பேருக்குப் பின்னால அப்பா பேருதான் இருக்கு. குடும்பப் பேரே கிடையாதா? அப்புறம் எப்படித்தான் ஒருத்தரைத் தெரிஞ்சுக்கிறது?" என்று மகனைக் குடைந்தெடுத்தாள். இங்கே உள்ளவர்கள் முகத்துக்கு நேராகக் கேட்பார்கள், அங்கே உள்ளவர்கள் பெயரின் வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துப் பழக்கத்துக்கும் நடுவே வித்தியாசம் என்று சொன்னால் அவ்வளவுதான்.

புனே டீக்கடையில் இருவரும் உட்கார்ந்து வீட்டுப் பெரியவர்களைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். அதில் ஒரு சுகமும் இருந்தது. "வாய்தான் அப்படி. மத்தபடி எங்க வீட்டுக்குள்ள யாரையும் வித்தியாசமா நடத்துறதெல்லாம் கிடையாது" என்பான் நிலேஷ். "எங்க வீட்லயும் கிடையாது" என்பாள் சங்கரேஸ்வரி. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நிலேஷ் வீட்டார் சங்கரன்கோவிலுக்கு வருவது. பார்த்துப் பேசி இரண்டு வீட்டுக்கும் பிடித்தால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடுவது. பிடிக்காவிட்டால் சங்கரேஸ்வரி அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். "சாமி மேல சத்தியம் பண்ணு" என்றாள் அன்னக்கிளி. கோமதியம்மன் மேல் சத்தியம் பண்ணிக்கொடுத்தாள் சங்கரேஸ்வரி. நாத்திகம் பேசுகிறவள்தான். ஆனால் கோமதியம்மன் மேல் சத்தியம் என்றால் அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதறும்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாளே வீட்டை அடையாளம் தெரியாமல் ஆக்கியிருந்தார் வெள்ளத்துரை. டைனிங் டேபிள் படுக்கையறைக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டது. டிவிக்கு மேல் பட்டுத்துணி விழுந்தது. எதிர்வீட்டுக் குத்துவிளக்கு, பக்கத்து வீட்டுப் பன்னீர்ச் செம்பு, பந்தல்காரரிடம் சொல்லி இரண்டு வாழைமரம், புதுப் பத்தமடைப் பாய் எல்லாம் வந்து இறங்கின. அந்த வீட்டில் யாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது. வெள்ளத்துரையே மடியில் தட்டை வைத்துக்கொண்டு டிவி சீரியலைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிடுவார். ஃபிரிட்ஜில் இருந்த ஆட்டுக்கறியை அன்னக்கிளி எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். விளக்குக்கு வாடகை மாதிரி ஆயிற்று.

"வாரவங்க சுத்த சைவமாம். நாமளும் சைவம்னே சொல்லிருவோம்" என்றாள்.

"சொல்லுவோம்" என்றார் பேரவைத் தலைவர்.

சங்கரேஸ்வரிக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாதா என்று நினைத்தபடிதான் காலையில் மாடியிலிருந்து இறங்கினாள். இறங்கும்போது படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்கு மேல், அந்த டம்ளர் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தாள்.

விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். வீட்டு வேலைக்கு வரும் இசக்கிசெல்விக்கு உரியது. அந்த வீட்டில் உள்ள பாத்திரம் அத்தனையையும் இசக்கிசெல்விதான் துலக்குகிறாள். விருந்தாளிகள் வாய் வைக்கிற வெள்ளி டம்ளர் பளபளப்பதும் அவள் கையால்தான். ஆனால் அவள் காபி குடிப்பதற்கு மட்டும் இந்த டம்ளர். அன்னக்கிளி மேலேயிருந்து ஊற்றுவாள், பாத்திரம் பாத்திரத்தில் படாது. இதை யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை, ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. சங்கரேஸ்வரி பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த இடத்தில் ஏதாவதொரு டம்ளர் இருந்திருக்கிறது.

"அம்மா, இதை எங்கயாவது பின்னால கொண்டு வச்சிரு. அவங்க கண்ணுல பட்டா அசிங்கம்" என்றாள்.

"ஆமாட்டி, நான் மறந்தே போயிட்டேன் பாரு."

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த இசக்கிசெல்வி வாரியலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். "விடுங்க பாப்பா, நானே எடுத்து வச்சிருதேன்."

"சரிக்கா" என்றாள் சங்கரேஸ்வரி. புனேக்குப் போன பிறகுதான் அவள் இசக்கிசெல்வியை அக்கா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. டம்ளர் பின்கட்டுக்குப் போய், தண்ணீர் கேனுக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்தது. பெற்றவர்களைத் திருத்த முடியாவிட்டாலும் ஒரு அசிங்கத்தையாவது அப்புறப்படுத்தினோம் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறப்படுத்தியது எதை என்று அவள் யோசிக்கவில்லை.

நிலேஷும் அவன் அப்பா மகேந்திராவும் அம்மா சரளாவும் லாட்ஜில் குளித்துக் கிளம்பி நேராகக் கோவிலுக்கு வந்துவிட்டார்கள். வெள்ளத்துரை பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாய்க் காத்திருந்தார். பாதி சிவனும் பாதி விஷ்ணுவுமாக நிற்கும் சங்கரநாராயணர் சன்னிதிக்கு முன்னால் நிறுத்தி, உன் சாமி பெருசா என் சாமி பெருசா என்று இரண்டு நாகராஜாக்கள் சண்டை போட்ட கதையைச் சொன்னார். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் சாமி இப்படி ஒரே உடம்பாய் வந்து நின்றது என்று முடித்தார். சங்கரேஸ்வரி இந்தியில் சொன்னாள். மகேந்திரா பயபக்தியோடு கேட்டுவிட்டு, எங்கள் பண்பாடு ஐயாயிரம் வருஷத்துப் பண்பாடு, அதிலும் இதே கருத்து இருக்கிறது என்றார்.

"என்ன சொல்லுதாரு?"

"கோவில் நல்லாருக்குன்னு சொல்லுதாருப்பா."

வெள்ளத்துரைக்குச் சின்ன வயதில் படித்த கொஞ்சம் இந்தி மிச்சமிருந்தது. எண்கள் மட்டும் நன்றாகவே தெரியும். "ஐயாயிரமா? நமக்குப் பத்தாயிரம்னு சொல்லுட்டி" என்றார். சண்டையைத் தீர்க்க வந்த சாமி சும்மா பார்த்துக்கொண்டு நின்றது. சங்கரேஸ்வரி அதையும் வேறு என்னவோவாக மாற்றிச் சொன்னாள். அன்றைக்கு அவள் செய்தது மொழிபெயர்ப்பே அல்ல. ஒருவர் எறிகிற கல்லை நடுவழியில் பிடித்துப் பூவாக்கி மற்றவரிடம் கொடுக்கிற வேலை. மத்தியானத்துக்குள் அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது.

வீட்டு வாசலில் நிலேஷ் குனிந்து வெள்ளத்துரையின் காலைத் தொட்டான். அவர் குளிர்ந்துபோனார். அன்று இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போன முதல் விஷயமும் அதுதான், வெகு நேரத்துக்குக் கடைசி விஷயமும் அதுதான். சரளா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அன்னக்கிளி மகளை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"ஏட்டி, நல்ல காரியத்துக்கு வாரவ எழவு வீட்டுக்கு வந்த மாதிரி முக்காடு போட்டுட்டு வாராளே?"

"அவங்க ஊர்ல அது மரியாதைம்மா."

"என்ன மரியாதையோ. எனக்கு என்னமோ நல்லதாப் படல."

கூடத்தில் சரளா மகன் காதில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மனிதர் முன்னால் சம்பந்தியம்மா இப்படித் தலையை மூடாமல் வந்து நிற்கிறாளே, வளர்ப்பு எப்படி இருக்கும் என்று. நிலேஷ் அதைப் பிறகு சங்கரேஸ்வரியிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. மகேந்திராவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பத்தாயிரம் வருஷத்துப் பாயில் அவரால் உட்கார முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியும் டீப்பாயும் போட்டு இலையை அதன் மேல் விரித்தார்கள். தான் சாப்பிட்டுக் காட்டினால்தான் இவர்களுக்கு முறை தெரியும் என்று வெள்ளத்துரை அவர்களுக்கு எதிரே சம்மணம் போட்டு முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டார். மகேந்திராவின் முகம் சுருங்கியது. பெண்ணைப் பெற்றவர் பக்கத்தில் நின்று பரிமாறி, மாப்பிள்ளை வீட்டார் எழுந்த பிறகு சாப்பிடுவதுதான் அவர்கள் வழக்கம். இந்த மனிதர் என்னடாவென்றால் தனக்கு முன்னால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

சரளா பாயசத்தை எடுத்த எடுப்பிலேயே குடித்துவிட்டு ரசத்தை முகர்ந்து பார்த்து வைத்தாள். அதையெல்லாம் கூட அன்னக்கிளி பொறுத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் மகேந்திரா, தானும் முறையறிந்தவர்தான் என்று காட்டுவதற்காக இலையை மடித்தார். தன் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்தார். துக்க வீட்டில் மடிக்கிற மடிப்பு. உறவு இத்தோடு போதும் என்று சொல்கிற மடிப்பு. பாவம், அந்த மனிதருக்கு இலைக்கு மேல் கீழ் உண்டு என்பதே தெரியாது. ஆனால் அன்னக்கிளியின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

"இது ஆகாதுட்டி" என்றாள் அடுப்படியில். "தெரியாமச் செஞ்சாலும் சகுனம் சகுனம்தான். நீ பண்ணுன சத்தியத்தை மறந்துறாத."

கூடத்தில் மகேந்திரா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊருக்குப் போய் யோசித்துச் சொல்வதாகச் சரளா மகனிடம் சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்பதற்கு இந்தூரிலும் சங்கரன்கோவிலிலும் ஒரே அர்த்தம்தான். சங்கரேஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முக்காட்டுக்கும் இலை மடிப்புக்கும் தன் வாழ்க்கையைப் பலி கொடுக்கப் போகிறார்களே என்று இரண்டு வீட்டார் மேலும் அடங்காத ஆத்திரம் வந்தது. எவ்வளவு அற்பமான ஜனங்கள், இவர்களுக்கு நடுவில் போய்ப் பிறந்தோமே என்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் தன்னையும் நிலேஷையும் மட்டும் அவள் சேர்க்கவில்லை.

வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது என்பதற்காக, பின்கட்டில் படர்ந்திருந்த பிச்சிக் கொடியைக் காட்டி இரண்டு முழம் கட்டிக் கொடுத்தனுப்பலாம் என்று அன்னக்கிளி சரளாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பேச்சுத் துணைக்குச் சங்கரேஸ்வரி பின்னாலேயே போனாள். இசக்கிசெல்வி குழாயடியில் குத்துக்காலிட்டு, மத்தியானச் சமையல் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நிலேஷ் அங்கேதான் கை கழுவிக்கொண்டு நின்றான்.

வெயில் கொளுத்தியது. கை கழுவியவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கேனில் குடிதண்ணீர் இருந்தது, பக்கத்துத் திட்டில் சுத்தமான டம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது. எடுத்தான், தண்ணீர் பிடித்தான், உதட்டில் வைத்தான்.

"அதுல குடிக்காதே! அது அவளோடது!"

இந்தியில் வந்தது அந்த அலறல். பிச்சி மொட்டுகளைப் பறித்துக்கொண்டிருந்த அன்னக்கிளி திரும்பிப் பார்த்தாள். சரளா திரும்பிப் பார்த்தாள். குழாயடியில் நார் தேய்க்கிற சத்தம் நின்றது. இப்படிக் கத்தியது யார் என்று சங்கரேஸ்வரியும்தான் பார்த்தாள். தன் வாய் திறந்திருப்பது அதற்கு அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது.

அக்கா என்று அவள் சொல்லவில்லை. அவள் என்றுதான் சொன்னாள்.

நிலேஷ் இரண்டு மடக்குக் குடித்திருந்தான். டம்ளரைப் பிடித்தபடி என்ன தப்பு என்பதுபோல் நின்றான். அவனுக்குப் புரியவில்லை, அவன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சரளாவின் கண் டம்ளரின் நசுங்கலுக்குப் போனது, குழாயடியில் உட்கார்ந்திருந்தவளிடம் போனது, அங்கிருந்து அன்னக்கிளியின் முகத்துக்கு வந்தது. அவ்வளவுதான். காலையிலிருந்து ஒரு வார்த்தை பிடிபடாமல் தவித்துக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு அந்த வீட்டின் முழு இலக்கணமும் ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது.

"துப்புடா! முதல்ல வாயைக் கொப்பளி!" என்று மகனை அதட்டினாள்.

சங்கரேஸ்வரி நிலேஷையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சிரிக்கப் போகிறான், மிச்சத் தண்ணீரையும் குடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். குடிக்க வேண்டும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டினாள். அவன் அசட்டுச் சிரிப்பொன்று சிரித்தான். அம்மாவை ஒரு தரம் பார்த்தான். பிறகு டம்ளரைத் திட்டில் வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தான். முருங்கை மரத்தடியில் துப்பினான். மறுபடி கொப்பளித்தான். சின்ன வயதிலிருந்து செய்து பழகியவன் செய்கிற மாதிரி, ரொம்ப இயல்பாகச் செய்தான்.

சரளாவின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு ஒளி வந்திருந்தது. முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் அன்னக்கிளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்லயும் இதே மாதிரிதான்! கைப்பிடி உடைஞ்ச கப் ஒண்ணு, பால்கனி ஜன்னல்ல தனியா வச்சிருக்கோம். மெட்ராஸ் பக்கம் இதெல்லாம் பார்க்க மாட்டாங்களோ, எப்படிப்பட்ட குடும்பமோன்னு நான் பயந்துகிட்டே வந்தேன். நல்லவேளை! சொல்லு, உங்க அம்மாகிட்டச் சொல்லு."

"என்ன சொல்லுதாங்கட்டி?" என்றாள் அன்னக்கிளி.

குழாயடியில் இசக்கிசெல்வி தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள் சங்கரேஸ்வரி.

ஆனால் சரளா விடவில்லை. டம்ளரைக் காட்டினாள். இசக்கிசெல்வியைக் காட்டினாள். பிறகு வடக்கே எங்கோ தன் ஊர் இருக்கும் திசையைக் காட்டி, ஒரு கையால் கப் பிடிப்பது போலவும் மறு கையால் அதைத் தள்ளி வைப்பது போலவும் செய்து காட்டினாள். இதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ன?

"அப்படியா! அங்கயும் இப்படித்தானா!" அன்னக்கிளியின் வாயெல்லாம் பல்லாயிற்று. "நான் என்னமோன்னு நெனச்சேன் போங்க. நம்மளை மாதிரியேதான் இருக்கீக!"

இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டார்கள். இலை மடிப்பு மறந்துபோயிற்று. முக்காடு மறந்துபோயிற்று. அன்னக்கிளி பிச்சிப்பூவைத் தொடுத்து, தன் கையாலேயே சரளாவின் கொண்டையில் சூட்டிவிட்டாள். ஒருத்தி தமிழில் பேசினாள், ஒருத்தி இந்தியில் பேசினாள், வேலைக்கு வருகிறவர்களை எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரு வார்த்தை தவறவில்லை. பேசிக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

நிலேஷ் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு சங்கரேஸ்வரியிடம் வந்தான். "பரவாயில்லை, எப்படியோ சமாதானம் ஆயிட்டாங்க" என்றான்.

"உங்க வீட்ல இதெல்லாம் கிடையாதுன்னு சொன்னியே."

"அந்த கப் ஞாபகத்துலயே இல்லை. சின்ன வயசுல இருந்து அங்கேதான் இருக்கு, யாரு அதையெல்லாம் கவனிச்சா? நீயும்தான் இல்லைன்னு சொன்னே."

"நீ ஏன் கொப்பளிச்சே?"

"அம்மா சொன்னாங்க, செஞ்சேன். அவங்க மனசு கோணாம இருக்கணும்னுதானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம்?" அவன் குரலில் கோபம் எட்டிப் பார்த்தது. "என்னைக் கேட்கிறியே, நான் நிம்மதியாக் குடிச்சுகிட்டு இருந்தேன். நீ கத்துற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவன் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, அவன் மொழியிலேயே அவன் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னவள் அவள்தான். அவன் மேல் ஆத்திரப்படக்கூட வழியில்லாமல் போனது அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது. கூடத்திலிருந்து யாரோ கூப்பிட, அவன் உள்ளே போனான்.

இசக்கிசெல்வி எழுந்து வந்து திட்டிலிருந்த டம்ளரை எடுத்தாள். மிச்சத் தண்ணீரைக் கொடியடியில் ஊற்றினாள். குழாயடியில் உட்கார்ந்து சபீனாப் பொடியைத் தொட்டு உள்ளும் புறமும் தேய்த்தாள். நசுங்கின விளிம்பை நகத்தால் சுரண்டினாள். வெள்ளி டம்ளரைக்கூட அவள் அப்படித் தேய்த்து யாரும் பார்த்ததில்லை.

"எதுக்குக்கா இந்தத் தேய் தேய்க்கீங்க?" என்றாள் சங்கரேஸ்வரி. ஏதாவது பேசியாக வேண்டும் போலிருந்தது.

"தேய்க்காம எப்படிக் குடிக்க? எந்த ஊர்க்காரரோ, வாய் வச்சுட்டாருல்லா."

சங்கரேஸ்வரிக்கு முகம் எரிந்தது. ஒரு எட்டு முன்னால் போய்க் கையை நீட்டினாள். "அதைக் கொஞ்சம் குடுங்கக்கா. எனக்குத் தாகமா இருக்கு."

இசக்கிசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். நீட்டிய கையையும் அதற்குப் பின்னால் இருந்த முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டியது தண்ணீர் இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அதைக் கொடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"உள்ள பீரோ நெறைய டம்ளர் கெடக்கு பாப்பா. காலையில நான்தான் துலக்கி அடுக்குனேன். இது என்னோட டம்ளரு. இதை நான் யாருக்கும் குடுக்கதில்ல."

"நான் தெரியாமக் கத்திட்டேன்க்கா..."

"தெரியாம எங்க கத்துனீங்க? தெரிஞ்சதுனாலதான கத்துனீங்க." குரலில் சூடு இல்லை. மழை வருமா வராதா என்று பேசுகிற மாதிரிச் சொன்னாள். டம்ளரை உதறித் தன் முந்தானையில் துடைத்தாள். "உள்ள கூப்பிடுதாங்க, போங்க. நல்ல சம்பந்தம்தான் பாப்பா. சாதகம் பார்த்துக் கட்டுனாலும் இவ்வளவு பொருத்தம் லேசுல அமையாது."

உள்ளே கூடம் கல்யாண வீடாகவே மாறியிருந்தது. பட்டுத்துணிக்குப் பின்னால் ஒளிந்திருந்த டிவிகூட வெளியே வந்துவிட்டது, இனி யாருக்கு எதை மறைக்க வேண்டும்? மகேந்திரா தன் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐயாயிரமும் பத்தாயிரமும் ஒரே சோபாவில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தன. தட்டில் தேங்காயும் பழமும் வெற்றிலையும் தயாராக இருந்தன. சரளா ஒரு துண்டு இனிப்பை எடுத்துச் சங்கரேஸ்வரியின் வாயில் ஊட்டிவிட்டாள். அவள் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"வாட்டி, வந்து சம்பந்திக்கு ஒண்ணு சொல்லு" என்றார் வெள்ளத்துரை. மேடைக்குரல் வந்துவிட்டது. "ஊரு வேற, பாஷை வேற, சாப்பாடு வேற. ஆனா உள்ளுக்குள்ள நாம எல்லாரும் ஒண்ணுதான். நமக்குள்ள ஒரு வித்தியாசமும் கிடையாது. அப்படியே சொல்லு."

நிலேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்கட்டில் பாத்திரம் துலக்குகிற சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. சங்கரேஸ்வரி இனிப்பை விழுங்கினாள். அப்பா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை இந்தியில் சொன்னாள். அந்த 'நாம'வையும் விடாமல் சொன்னாள். அன்றைக்கு முழுவதும் அவள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்த பேச்சு அது ஒன்றுதான்.